ஸ்பானிய மொழிப் படங்களும் தொடர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில ஆண்டுகளாக ஸ்பானிய மொழியில் வரும் படங்களையும் தொடர்களையும் விடாமல் பார்த்துவருகிறேன். உறவினர்களும் நண்பர்களும் உடன் வேலை செய்பவர்களும் ஏறக்குறைய ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்து, எனக்குப் பட்ட பதில்களை எழுதியிருக்கிறேன். கதை முடிவுகளை எங்கும் உடைக்கவில்லை.

மணி ஹெய்ஸ்ட் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அடுத்து எதைப் பார்க்கலாம்?

'அர்ஜென்டினா, 1985' படத்தைப் பாருங்கள். சந்தியாகோ மித்ரே இயக்கி 2022-இல் வெளிவந்த இந்தப் படம், 1976 முதல் 1983 வரை அர்ஜென்டினாவை ஆண்ட ராணுவக் குழுக்களின் தளபதிகள் ஒன்பது பேரைக் குடிமக்களுக்கான சாதாரண நீதிமன்றத்தில் நிறுத்தி விசாரித்த வழக்கைச் சொல்கிறது. அரசு வழக்கறிஞர் ஹூலியோ செசார் ஸ்த்ராசேராவாக ரிக்கார்தோ தாரின் நடித்திருக்கிறார். அனுபவம் வாய்ந்த வழக்கறிஞர்கள் அஞ்சி ஒதுங்கிவிட, சட்டம் படித்து அப்போதுதான் வெளியே வந்த இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, நாடு முழுவதிலிருந்தும் சாட்சிகளைத் திரட்டுகிறார் அவர். 'மணி ஹெய்ஸ்ட்' தொடரின் கொள்ளைக் கதையில் திட்டம் தீட்டுவதைப் பார்த்துப் பரபரப்படைந்தவர்களுக்கு, கோப்புகளும் தொலைபேசி மிரட்டல்களும் நிறைந்த இந்தக் கதையிலும் அதே பரபரப்பு குறையாமல் கிடைக்கும்.

இதில் ஒரு சிறிய காட்சிக்காகவே நான் இந்தப் படத்தைப் பலருக்குப் பரிந்துரைக்கிறேன். துணை வழக்கறிஞர் மொரேனோ ஒகாம்போ ராணுவத்தோடு நெருங்கிய குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தாய், ஆட்சியின் தலைவராக இருந்த விதேலா வரும் தேவாலயத்துக்கே போகிறவர், அவர்மீது மதிப்பு வைத்திருப்பவர். கைவிலங்கும் கண்கட்டுமாகக் காவல் வண்டியில் குழந்தை பெற்ற அத்ரியானா கால்வோவின் சாட்சியத்தை அறிந்த பிறகு, விதேலா சிறைக்குப் போகத்தான் வேண்டும் என்று அந்தத் தாய் மகனிடம் சொல்கிறார். நீதிமன்றத்துக்கு வெளியே, ஒரு வீட்டுக்குள் அந்த வழக்கு வெல்லப்படுவதை அந்த ஓரிரு நிமிடங்கள் காட்டிவிடுகின்றன.

தமிழ் டப்பிங் இருக்கும்போது எதற்கு ஸ்பானிஷில் கேட்க வேண்டும்? எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாதே.

டப்பிங்கில் பார்ப்பது தவறு என்று நான் சொல்லமாட்டேன். மணி ஹெய்ஸ்டின் ஐந்தாம் பகுதி தமிழ்க் குரலிலும் வந்தது; சப்டைட்டிலை விரட்டிப் படிக்க முடியாத மூத்தவர்கள் பலர் அதனால்தான் அதைப் பார்த்தார்கள். ஆனால் முடிந்தவர்கள் மூலக் குரலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஸ்த்ராசேரா தன் இறுதி உரையை முடிக்கும்போது தாரினின் குரல் உயர்வதில்லை. 'இனி ஒருபோதும் வேண்டாம்' என்று பொருள்படும் 'நூன்கா மாஸ்' என்ற இரண்டு சொற்களை அவர் தளர்ந்த, ஏறத்தாழ வறண்ட குரலில் சொல்கிறார். அதைக் கேட்ட அவை எழுந்து ஆர்ப்பரிக்கிறது. இன்னொருவர் குரல் அந்த வாயசைவில் ஏறும்போது முதலில் காணாமல் போவது அந்தத் தளர்ச்சிதான்.

ஸ்பெயினே டப்பிங்கில் ஊறிய நாடு. சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் 1941-இல் வெளிநாட்டுப் படங்களை ஸ்பானியக் குரலில்தான் திரையிட வேண்டும் என்று ஆணை வந்தது. அது தணிக்கைக்கு வசதியான கருவியாகவும் ஆனது. 1953-இல் வெளிவந்த 'மொகாம்போ' என்ற ஹாலிவுட் படத்தில், மணமான பெண்ணின் காதலை மறைப்பதற்காக அவளையும் கணவனையும் வசனத்தில் உடன்பிறந்தவர்களாக மாற்றினார்கள். மறைக்கப் போனதைவிடப் பெரிய விபரீதம் திரையில் தெரிந்தது. குரலை மாற்றினால் கதையையே மாற்றிவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஸ்பானிஷ் எல்லா நாட்டிலும் ஒன்றுதானே? ஒரு படம் ஸ்பெயினா, மெக்சிகோவா, அர்ஜென்டினாவா என்று நமக்கு எப்படித் தெரியும்?

எழுத்தில் பெரும்பாலும் ஒன்று, காதில் ஒன்றல்ல. ஒரு வாரம் கவனித்துக் கேட்டால் மொழி தெரியாதவர்களுக்கும் வேறுபாடு பிடிபடும். ஸ்பெயினின் பெரும்பகுதியில் சில சகர ஒலிகள் நாக்கு நுனியைப் பல்லில் வைத்து ஊதுவதுபோல் வரும். லத்தீன் அமெரிக்காவில் அது கிடையாது. புவேனோஸ் ஐரெஸ் மக்கள் 'ய' வர வேண்டிய இடத்தில் 'ஷ' என்று ஒலிப்பார்கள். 'நீ' என்பதற்கு மற்றவர்கள் 'தூ' என்றால் அவர்கள் 'வோஸ்' என்பார்கள். 'நீங்கள்' என்ற மரியாதைக்குரிய 'உஸ்தேத்' என்ற சொல்லைக் கொலம்பியாவின் பல பகுதிகளில் கணவன் மனைவியும், தாயும் பிள்ளையும்கூடப் பேசிக்கொள்கிறார்கள். அது விலகலைக் குறிப்பதில்லை. வீட்டுக்குள் மரியாதைப் பன்மை புழங்கும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது.

இந்த வேறுபாட்டை மதிக்காதபோது என்ன ஆகும் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள். மெக்சிகோவில் எடுக்கப்பட்ட 'ரோமா' படத்தை ஸ்பெயினில் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்டபோது, ஸ்பானிய வசனத்துக்கே ஸ்பெயின் நாட்டு ஸ்பானியத்தில் சப்டைட்டில் போட்டார்கள். 'மமா' என்று குழந்தை அழைப்பதை 'மாத்ரே' என்று எழுதினார்கள். 'கான்சித்தோ' என்ற மெக்சிகோ சாக்லேட் கேக்கின் பெயரை ஸ்பெயினில் விற்கும் வேறொரு தின்பண்டத்தின் பெயராக மாற்றினார்கள். இயக்குநர் அல்ஃபோன்சோ குவாரோன் 2019 ஜனவரியில் கடுமையாக எதிர்த்த பிறகு அது நீக்கப்பட்டது. இரண்டாவது, 2015-இல் தொடங்கிய 'நார்கோஸ்'. கொலம்பியப் போதைப்பொருள் கடத்தல் தலைவன் பாப்லோ எஸ்கோபாராக நடித்த வாக்னர் மோரா பிரேசில்காரர். அந்தப் பாத்திரத்துக்காகவே ஸ்பானியம் கற்று நடித்தார். வெளியுலகம் கொண்டாடிய அந்த நடிப்பில், கொலம்பியர்களின் காதுக்கு மெதெயின் நகரத்துப் பேச்சு கிடைக்கவில்லை. அவருடைய உழைப்பை நான் மதிக்கிறேன். ஆயினும் அவர்கள் ஏன் முகம் சுளித்தார்கள் என்பது, பிற மொழி நடிகர் பேசும் மதுரைத் தமிழைக் கேட்டவர்களுக்குப் புரியும்.

மணி ஹெய்ஸ்ட் உண்மையிலேயே அவ்வளவு நல்ல தொடரா, இல்லை வெறும் விளம்பரமா?

முதல் இரண்டு பகுதிகள் நல்ல தொடர். அதற்குப் பிந்தியவை வெற்றியின் விளைவு. ஆலெக்ஸ் பீனா உருவாக்கிய இந்தத் தொடரின் மூலப்பெயர் 'லா காசா தே பப்பேல்', அதாவது 'காகித வீடு'. 2017 மே மாதம் அந்தேனா 3 என்ற ஸ்பெயின் தொலைக்காட்சியில் தொடங்கி, சுமார் 70 நிமிட அளவிலான 15 அத்தியாயங்களில் அதே ஆண்டு முடிந்துபோனது. தொடக்கத்தில் கூடிய பார்வையாளர்கள் போகப்போகக் குறைந்திருந்தார்கள். பிறகு நெட்ஃபிளிக்ஸ் அதை வாங்கி, 22 குறுகிய அத்தியாயங்களாக வெட்டி உலகுக்குக் கொடுத்தது; 2018-இல் சிறந்த நாடகத் தொடருக்கான சர்வதேச எம்மி விருதும் கிடைத்தது.

நாணயச்சாலைக்குள் நடக்கும் முதல் கதைக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. கொள்ளையைத் திட்டமிடும் பேராசிரியரும் காவல் அதிகாரி ரக்கேலும் பேசிக்கொள்ளும் தொலைபேசி உரையாடல்களில் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை இருக்கிறது. ஸ்பெயின் வங்கிக்குள் நுழையும் பிற்பகுதிகளில் அந்த எடையைத் துப்பாக்கிச் சத்தம் எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் பகுதியோடு நிறுத்திக்கொள்பவர்கள் எதையும் இழக்கமாட்டார்கள் என்பது என் கருத்து.

ஆண்டிஸ் மலையில் விமானம் விழுந்து, இறந்தவர்களின் உடலைத் தின்று பிழைத்தார்களே, அந்தப் படத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. பார்க்கலாமா?

பார்க்கலாம். 'லா சொசியேதாத் தே லா நியேவே', அதாவது 'பனியின் சமூகம்', ஹுவான் அந்தோனியோ பயோனா இயக்கி 2023-இல் வந்தது. 1972 அக்டோபர் 13 அன்று மொந்தெவிதேயோவைச் சேர்ந்த ரக்பி அணியினரையும் அவர்களுடைய நண்பர்கள், உறவினர்களையும் சிலிக்கு ஏற்றிச்சென்ற உருகுவே விமானப்படை விமானம் ஆண்டிஸில் விழுந்தது. விமானத்தில் இருந்தவர்கள் 45 பேர். 72 நாட்களுக்குப் பிறகு உயிரோடு மீண்டவர்கள் 16 பேர். நீங்கள் அஞ்சும் அந்தச் செயலைப் படம் மறைப்பதில்லை, ஆனால் அதை வேடிக்கையாகவும் ஆக்குவதில்லை. உடலைக் கூறுபோடும் வேலையைச் சிலர் மற்றவர்களின் கண்ணில் படாமல் தனியே போய்ச் செய்கிறார்கள். நமக்கும் அது தூரத்திலேயே நிற்கிறது. நெருக்கத்தில் காட்டப்படுவது அதற்கு முந்தைய வாக்குவாதம்: இது பாவமா, அனுமதியில்லாமல் எடுக்கலாமா, நான் இறந்தால் என் உடலை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாமா என்று உறைந்த வாய்களோடு அந்த இளைஞர்கள் பேசுவதைக் கேட்கும்போது, அருவருப்பு நம்மிடமிருந்து நீங்கிவிடுகிறது.

இதே நிகழ்ச்சியை ஹாலிவுட் 1993-இல் ஆங்கிலத்தில் எடுத்தது. பயோனா உருகுவே, அர்ஜென்டினா நடிகர்களைக் கொண்டு, அந்த இளைஞர்கள் பேசிய அதே லா பிளாத்தா ஆற்றங்கரைப் பேச்சில் எடுத்திருக்கிறார். ஒவ்வொருவர் இறக்கும்போதும் அவருடைய முழுப்பெயரும் வயதும் திரையில் எழுத்தாக வருகின்றன; தப்பிப் பிழைத்தவர்களின் வீரக்கதையாக மட்டும் ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டதை இறந்தவர்களுக்கும் உரியதாக மாற்றும் ஏற்பாடு அது. கதையைச் சொல்லும் குரல் யாருடையது என்பதையும் கவனியுங்கள்; அதற்குமேல் அதைப் பற்றி இங்கே சொல்லமாட்டேன். ஸ்பெயினின் கோயா விருதுகளில் இந்தப் படம் 12 பெற்றது.

'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலைப் படித்தவர்கள் தொடரைப் பார்க்கலாமா? கெடுத்திருப்பார்களோ?

கெடுக்கவில்லை. நாவலை எழுதிய காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் தம் வாழ்நாள் முழுவதும் இதன் படமாக்கும் உரிமையைத் தர மறுத்தவர். அவருடைய மகன்கள், ஸ்பானிய மொழியிலேயே, கொலம்பியாவிலேயே எடுக்கப்படும் என்ற உறுதியோடு நெட்ஃபிளிக்ஸுக்கு உரிமை தந்தார்கள். முதல் எட்டு அத்தியாயங்கள் 2024 டிசம்பர் 11 அன்று வெளிவந்தன. அலெக்ஸ் கார்சியா லோபெஸும் லாவ்ரா மோராவும் இயக்கினார்கள். கதை நடக்கும் மகோந்தோ ஊரைக் கொலம்பியாவின் தோலிமா பகுதியில் மண்ணும் மரமுமாக நிஜமாகவே கட்டினார்கள்.

தொடரின் பலம், அற்புதங்களை அற்புதமாகக் காட்டாததுதான். தூக்கமின்மை நோய் வந்து ஊரே நினைவை இழக்கத் தொடங்கும்போது, பொருள்களின்மீது பெயர்களை எழுதி ஒட்டுகிறார்களே, அதை ஏதோ வீட்டுக் கணக்கு எழுதுவதுபோல் அமைதியாகக் காட்டுகிறார்கள். குறை, பின்னணிக் குரல். நாவலின் வாக்கியங்களை வாசித்துக்கொண்டே போகும் அந்தக் குரல், காட்சி தானே சொல்லிவிட்டதைச் சில இடங்களில் மறுபடி சொல்கிறது. நாவலைப் படிக்காதவர்களுக்கு ஒரு யோசனை: பெயர்கள் தலைமுறைதோறும் திரும்பிவரும் என்பதால், அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு தாளில் குடும்ப மரத்தை வரைந்துகொண்டே பாருங்கள். நான் அப்படித்தான் பார்த்தேன்.

பனி பெய்து எல்லாரும் சாகிற அர்ஜென்டினா தொடரில் அப்படி என்ன இருக்கிறது? சாதாரண ஏலியன் கதைதானே?

'எல் எதெர்னவுதா'வைக் கதைச்சுருக்கமாகச் சொன்னால் அப்படித்தான் இருக்கும். புவேனோஸ் ஐரெஸில் கோடை இரவு ஒன்றில் நண்பர்கள் 'த்ரூக்கோ' என்ற சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், மின்சாரம் போகிறது, வெளியே பனி விழுகிறது, பனி பட்டவர்கள் இறந்து விழுகிறார்கள். ஹுவான் சால்வோவாக நடிக்கும் தாரின், கிடைத்த துணிகளையும் முகமூடியையும் கொண்டு உடலை மூடிக்கொண்டு மகளைத் தேடித் தெருவில் இறங்குகிறார். புருனோ ஸ்தக்னாரோ இயக்கிய ஆறு அத்தியாயங்கள் 2025 ஏப்ரல் 30 அன்று வெளிவந்தன.

ஆனால் அர்ஜென்டினாவில் இதைச் சாதாரண வேற்றுக்கிரகக் கதையாக யாரும் பார்ப்பதில்லை. இதன் மூலமான படக்கதை 1957 முதல் 1959 வரை வார இதழில் வந்தது. எழுதியவர் எக்தோர் ஹெர்மான் ஓஸ்டர்ஹெல்ட், வரைந்தவர் ஃபிரான்சிஸ்கோ சொலானோ லோபெஸ். ஓஸ்டர்ஹெல்டை 1977-இல் ராணுவ ஆட்சி கடத்தியது, அவர் திரும்பவில்லை. அவருடைய நான்கு மகள்களும் காணாமல் ஆக்கப்பட்டார்கள், அவர்களில் இருவர் அப்போது கருவுற்றிருந்தார்கள். முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன வழக்கு, இந்தக் குடும்பத்தைப் போன்ற ஆயிரக்கணக்கானோருக்காக நடந்ததுதான். முகமூடி அணிந்து பனியில் நடக்கும் அந்த மனிதனின் உருவம் அந்நாட்டுச் சுவர்களில் வரையப்படுவதன் காரணம் இது.

தொடரில் ஒரு நண்பர், மின்னணுப் பாகங்கள் செயலிழந்த பிறகும் ஓடும் பழைய காரைக் காட்டி 'பழசுதான் வேலை செய்கிறது' என்கிறார். தனியொருவன் உலகைக் காப்பாற்றும் கதைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு, அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் சந்தேகித்துப் பிறகு சேர்ந்துகொள்ளும் இந்தக் கதை முதலில் மெதுவாகத் தோன்றலாம். மூன்றாம் அத்தியாயம்வரை பொறுத்திருங்கள்.

ஏன் எப்போது பார்த்தாலும் சர்வாதிகாரம், காணாமல் போனவர்கள், புதைகுழி? வேறு கதையே கிடையாதா?

வேறு கதைகள் நிறைய உண்டு. இந்தக் கதைகள் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம், அவை அந்த நாடுகளில் இன்னும் முடியவில்லை என்பதே. ஸ்பெயினில் 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போரிலும் அதன் பின்னும் கொல்லப்பட்டுச் சாலையோரங்களில் புதைக்கப்பட்டவர்களை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் தோண்டியெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பேத்ரோ அல்மோதோவாரின் 'மாத்ரெஸ் பாரலேலாஸ்' படம் 2021-இல் வந்தது. மருத்துவமனையில் ஒரே நாளில் பிரசவித்த இரண்டு தாய்மார்களின் கதையாகத் தொடங்கி, ஒரு கிராமத்துப் புதைகுழியில் போய் நிற்கிறது. இரண்டும் சரியாக ஒட்டவில்லை என்று சொன்னவர்கள் உண்டு. தன் இரத்தம் யாருடையது என்று அறியும் உரிமைதான் இரண்டு கதைகளுக்கும் அடித்தளம் என்பதால் எனக்கு அவை ஒரே கதையாகவே பட்டன.

இந்த வரிசையில் என்னை மிகவும் பாதித்தது ஒரு ஆவணப்படம்: சிலியின் மாய்தே அல்பெர்தி எடுத்து 2023-இல் வந்த 'லா மெமோரியா இன்ஃபினித்தா', 'முடிவற்ற நினைவு'. சிலியின் சர்வாதிகாரி பினோச்சே ஆட்சியின் கொடுமைகளைக் காட்சியாகப் பதிவு செய்த பத்திரிகையாளர் அவ்குஸ்தோ கோங்கோராவுக்கு அல்சைமர் நோய் வருகிறது. நாடே மறந்துவிடக் கூடாது என்று உழைத்தவர் தன் மனைவியின் பெயரை மறக்கிறார். நடிகையான அவருடைய மனைவி பவுலினா உர்ருத்தியா, தான் யார் என்பதை அவருக்குப் பொறுமையாக, புன்னகையோடு எடுத்துச் சொல்கிறார். அரசியலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத அந்த நிமிடங்களே, நினைவு ஏன் காக்கப்பட வேண்டும் என்பதை எனக்குச் சொன்னவை.

ரோமா படத்தை அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். ஒன்றுமே நடக்கவில்லை. நான் எதைத் தவறவிட்டேன்?

ஒலியை. 'ரோமா'வை (2018) கைபேசியில், வேறு வேலை செய்துகொண்டே பார்த்தவர்கள் எல்லாருமே இப்படித்தான் சொல்கிறார்கள். முதல் காட்சியை மறுபடி பாருங்கள்: வீட்டு முற்றத்தின் தரைக்கற்கள், யாரோ தண்ணீர் ஊற்றும் சத்தம், சோப்பு நுரையோடு தண்ணீர் பரவ, அதில் ஒரு சதுர வானம் தெரிகிறது, அந்த வானத்தில் விமானம் ஒன்று கடந்துபோகிறது. கழுவுகிற பெண்ணை நாம் இன்னும் பார்க்கவில்லை. வீட்டுவேலை செய்யும் கிளேயோவின் உலகம் அவ்வளவுதான், வானமும் அவளுக்குத் தரையில்தான் தெரிகிறது. பிறகு தெருவிலிருந்து வரும் ஒலிகளைக் கேளுங்கள்: கத்தி சாணை பிடிப்பவரின் குழல், சர்க்கரைவள்ளிக் கிழங்கு வண்டியின் நீண்ட சீழ்க்கை.

கிளேயோவும் உடன் வேலை செய்யும் அதேலாவும் தங்களுக்குள் மிஷ்தேக் என்ற பழங்குடி மொழியில் பேசுகிறார்கள், முதலாளி வீட்டாரிடம் ஸ்பானியத்தில். சப்டைட்டிலில் இந்த மாற்றத்தைத் தவறவிட்டால் படத்தின் பாதி போய்விடும். ஒன்றுமே நடக்கவில்லை என்பதும் சரியல்ல: 1971 ஜூன் 10 அன்று மெக்சிகோ நகரில் மாணவர்கள்மீது நடந்த தாக்குதல், கிளேயோ தொட்டில் வாங்கப் போன கடையின் சன்னலுக்கு வெளியே நடக்கிறது. வரலாறு அவள் வழியில் குறுக்கிடுகிறதே தவிர, அவளுக்காக நிற்பதில்லை.

ஸ்பெயின் படம் என்றார்கள், போட்டுப் பார்த்தால் ஸ்பானிஷ் மாதிரியே இல்லையே?

பெரும்பாலும் நீங்கள் பார்த்தது கத்தலான், கலீசியம், பாஸ்க் ஆகிய மொழிகளில் ஒன்றாக இருக்கும். கடந்த சில ஆண்டுகளில் ஸ்பெயின் நாட்டின் மிகச் சிறந்த படங்கள் பல இந்த மொழிகளில்தான் வந்திருக்கின்றன. கார்லா சிமோனின் 'அல்கர்ராஸ்' 2022-இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி வென்றது. அது கத்தலான் மொழிப் படம். பீச் பழத்தோட்டத்தைத் தலைமுறைகளாகப் பயிரிட்டுவரும் குடும்பத்திடம் பத்திரம் இல்லை. உள்நாட்டுப் போரின்போது நிலக்கிழாரின் குடும்பத்தைக் காப்பாற்றியதற்காக வாய்ச்சொல்லாகக் கொடுக்கப்பட்ட நிலம் அது. இப்போதைய வாரிசு அங்கே சூரிய மின்தகடு நிறுவ விரும்புகிறான். நடித்தவர்களில் ஏறக்குறைய எல்லாரும் அந்தப் பகுதியைச் சேர்ந்த, முன்பு நடித்திராத மக்கள். கடைசிப் பழ அறுவடையில் பழத்தைக் கூடையில் இடும் கைகளைப் பார்த்தாலே அது தெரியும்.

ரொத்ரிகோ சொரோகோயெனின் 'அஸ் பெஸ்தாஸ்' (2022) கலீசிய மலைக் கிராமம் ஒன்றில் குடியேறிய பிரெஞ்சுத் தம்பதியின் கதை. காற்றாலைக்கு நிலம் கொடுக்க அவர்கள் மறுக்கிறார்கள். கொடுத்தால் வறுமையிலிருந்து மீளலாம் என்று காத்திருந்த பக்கத்து வீட்டுச் சகோதரர்கள் பகை கொள்கிறார்கள். மதுக்கடையில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசும் நீண்ட காட்சியில், வில்லன் என்று நாம் முடிவு கட்டியவர் பேசப் பேச அவர் பக்கத்து நியாயம் ஏறிக்கொண்டே போகிறது. எஸ்திபாலிஸ் உர்ரெசோலாவின் '20,000 தேனீ இனங்கள்' பாஸ்கும் ஸ்பானியமும் கலந்தது. அதில் நடித்த சிறுமி சோஃபியா ஓதேரோ ஒன்பது வயதில் பெர்லினில் சிறந்த நடிப்புக்கான வெள்ளிக் கரடி பெற்றார்.

'எல் 47' (2024) மொழியையே கதைக்குள் கொண்டுவருகிறது. எஸ்த்ரெமாதுராவிலிருந்து பிழைக்க வந்து பார்சலோனாவின் குன்றுப்புறத்தில் குடியேறிய மனோலோ விதால், தங்கள் பகுதிக்குப் பேருந்து ஏறாது என்று அதிகாரிகள் சொன்னதைப் பொய்யாக்க, 1978 மே 7 அன்று தான் ஓட்டும் 47-ஆம் எண் பேருந்தையே அங்கே ஓட்டிச்சென்றார். அவர் கத்தலானைத் தன் ஊர் வாடையோடு பேசுவதை எதுவார்த் ஃபெர்னாந்தெஸ் நடித்திருப்பது அருமை. சிறந்த படத்துக்கான கோயா விருதை 2025-இல் இது இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது. அப்படிப் பகிரப்பட்டது அதுவே முதல்முறை.

குடும்பத்தோடு, பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க ஏதாவது இருக்கிறதா?

மேலே சொன்ன 'எல் 47' முதல் தேர்வு. அடுத்து 'காம்பெயோனெஸ்' (2018): அறிவுத்திறன் குறைபாடு உள்ள வீரர்களின் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி தருமாறு தண்டனை பெற்ற பயிற்சியாளரின் கதை, அத்தகைய குறைபாடு உள்ளவர்களே அணியினராக நடித்திருக்கிறார்கள். மெக்சிகோவின் 'ராதிகால்' (2023), மாத்தாமோரோஸ் நகரத்து ஏழைப் பள்ளி ஒன்றின் ஆசிரியரைப் பற்றியது. எல்லையோர வன்முறை அதில் உண்டு என்பதால் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஏற்றது. 'எலீத்தே' தொடர் பள்ளிக்கூடக் கதைதானே என்று பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள், அது பெரியவர்களுக்கானது.

இந்தி ரீமேக் பார்த்தாயிற்று. மூலத்தையும் பார்க்க வேண்டுமா?

'பத்லா' (2019) பார்த்தவர்களுக்கு ஓரியோல் பாவ்லோவின் 'கோந்த்ராதியெம்போ'வில் முடிச்சு முன்பே தெரிந்துவிடும். மூலத்தில் ஆண் செய்ததை இந்தியில் பெண் செய்கிறாள் என்ற மாற்றத்தை ஒப்பிட விரும்பினால் மட்டும் பாருங்கள். 'சித்தாரே சமீன் பர்' (2025) படத்தின் மூலமான 'காம்பெயோனெஸ்' வேறு வகை. முடிச்சை நம்பாமல் மனிதர்களை நம்பிய படம் என்பதால், கதை தெரிந்த பிறகும் குறையாது.

எமிலியா பெரெஸுக்கு 13 ஆஸ்கார் பரிந்துரை கிடைத்ததே, மெக்சிகோக்காரர்கள் மட்டும் ஏன் அவ்வளவு கோபப்பட்டார்கள்?

ஆங்கிலம் அல்லாத மொழிப் படம் ஒன்றுக்கு அத்தனை பரிந்துரைகள் அதற்குமுன் கிடைத்ததில்லை. அவற்றில் இரண்டு விருதுகளாயின. இயக்கியவர் பிரான்சின் ஜாக் ஓடியார். கதை மெக்சிகோவில் நடந்தாலும் பெரும்பகுதி பாரிஸுக்கு அருகே அரங்குகளில் எடுக்கப்பட்டது. முதன்மை நடிகைகளில் மெக்சிகோவில் பிறந்து வளர்ந்தவர் அத்ரியானா பாஸ் மட்டுமே. பேச்சு எந்த ஊர்ப் பேச்சும் அல்ல. மூன்றாம் கேள்வியில் சொன்ன சிக்கல் இங்கே உச்சத்தில் இருக்கிறது.

ஆனால் கோபத்தின் வேர் உச்சரிப்பு அல்ல. மெக்சிகோவில் காணாமல் போனவர்களாக அரசுப் பதிவேட்டில் உள்ளோர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். தாய்மார்கள் மண்வெட்டியோடு பாலைநிலங்களில் பிள்ளைகளின் எலும்பைத் தேடுகிறார்கள். ஆட்களைக் காணாமல் ஆக்கிய கடத்தல் தலைவரே பிற்பாடு பெண்ணாகி, அவர்களைத் தேடிக்கொடுக்கும் புண்ணியவதியாக மாறிப் பாட்டுப் பாடுவதை அந்தத் தாய்மார்கள் எப்படி ஏற்பார்கள்? சோயி சல்தானாவின் நடிப்பையும் சில பாடல்களின் அமைப்பையும் நான் ரசித்தேன். படத்தை ஏற்க முடியவில்லை. அதே துயரத்தை ஃபெர்னாந்தா வலாதெஸ் 2020-இல் எடுத்த 'சின் சென்யாஸ் பர்த்திகுலாரெஸ்' படத்தில் பாருங்கள். எல்லை கடக்கப் போன மகனைத் தேடி ஒரு தாய் அலுவலகம் அலுவலகமாக ஏறுகிறாள். எழுத்து வாசிக்கத் தெரியாத அவளிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

கணவன்மீது மனைவி பாலியல் வன்கொடுமை வழக்குப் போட முடியுமா? 'கெரேர்' தொடரில் காட்டுவது நிஜமா?

ஸ்பெயினில் முடியும், திருமணம் அங்கே விலக்கு அல்ல. இந்தியாவில், மனைவி 18 வயது நிறைந்தவராக இருந்தால் கணவனுக்குச் சட்டத்தில் விலக்கு இன்னும் இருக்கிறது. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவும் அதை அப்படியே வைத்திருக்கிறது. அதனால்தான் இங்கே இதைப் பார்ப்பவர்கள் முதலில் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அலாவ்தா ருயிஸ் தே அசூவா இயக்கிய 'கெரேர்' (2024) நான்கே அத்தியாயங்கள். பில்பாவோ நகரில் வசதியான குடும்பத்துப் பெண்ணான மிரேன், முப்பது ஆண்டு மணவாழ்க்கைக்குப் பிறகு வீட்டை விட்டு வெளியேறி, அந்த ஆண்டுகள் முழுவதும் கணவன் தன்னை வன்கொடுமை செய்ததாகப் புகார் கொடுக்கிறாள். அந்தக் கொடுமை ஒருமுறைகூடத் திரையில் காட்டப்படுவதில்லை. நம்மிடம் இருப்பது அவள் சொல், அவன் சொல், இரண்டுக்கும் நடுவில் இரண்டு வளர்ந்த மகன்கள். 'அப்பா கோபக்காரர், அவ்வளவுதான்' என்று வளர்ந்த பிள்ளைகள், தங்கள் சிறுவயது நினைவுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது.

யார் சொல்வது உண்மை என்று தொடர் சொல்லிவிடுகிறதா என்று பலர் கேட்கிறார்கள். நீதிமன்றம் என்ன சொல்கிறது என்பதை நீங்களே பாருங்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறு: கணவன் அறைக்குள் வந்ததும் மிரேனின் தோள்கள் என்ன செய்கின்றன, மூத்த மகன் தன் மனைவியிடமும் குழந்தையிடமும் குரல் உயர்த்தும்போது அந்தத் தொனியை எங்கே முன்பு கேட்டோம் என்பது. தலைப்பான 'கெரேர்' என்ற ஸ்பானியச் சொல்லுக்கு நேசித்தல் என்றும் பொருள், விரும்புதல் என்றும் பொருள். வழக்கறிஞர்கள் அவளிடம் கேட்பதெல்லாம் இரண்டாவது பொருளில். அவள் கணவன் பதில் சொல்வதெல்லாம் முதலாவது பொருளில்.